நுண்ணுயிர்ப் படலங்களை ஆராயும் முறைகள்

குடிநீர்த் தொட்டியின் உட்சுவரை விரலால் தேய்த்தால் வழவழப்பான ஒரு பூச்சு ஒட்டுவதைக் காணலாம். மேட்டு நிலமான குப்பத்திலும் சரி, கடலோரக் கல்பாக்கத்திலும் சரி, நீர் இடைவிடாது படும் பரப்புகளில் இது தோன்றுகிறது. பல இனப் பாக்டீரியாக்கள், தாமே சுரக்கும் பசைப்பொருளில் புதைந்து கூடி வாழும் குடியிருப்பே இது. இதனை நுண்ணுயிர்ப் படலம் என்பர்.

நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லும் அளவிற்குக் குளோரின் இட்டாலும், படலத்தினுள் வாழ்பவற்றுள் பல தப்பிவிடுகின்றன. மேலடுக்கிலுள்ள பொருள்களுடன் வினைபுரிந்து குளோரின் செலவாகிவிடுவதால், அடியடுக்கை அது எளிதில் எட்டுவதில்லை. பின்னர் படலத்திலிருந்து பிரியும் உயிரிகள் மீண்டும் நீரில் கலக்கின்றன. எனவே, நீரை மட்டும் சோதித்து அது தூயது என முடிவு செய்வது போதாது.

எளிய முறைகள்

கண்ணாடி வில்லையை நீரில் அமிழ்த்தி, சில நாட்களுக்குப் பின் எடுத்து நுண்ணோக்கியில் காண்பது பழைய முறை. அமெரிக்க அறிஞர் ஆர்தர் ஹென்ரிசி 1933 ஆம் ஆண்டிலேயே இதனைக் கையாண்டார். படலத்தின் அளவை அறிய, வில்லையைக் கழுவிக் கிரிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயத்தில் தோய்ப்பர். பின்னர் ஒட்டிய சாயத்தைச் சாராயத்தில் கரைத்து, அதன் நிறச் செறிவை நிறமானியால் அளப்பர். ஆனால், சாயம் உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் வேறுபடுத்தாது. உயிருள்ளவற்றை எண்ண, படலத்தைச் சுரண்டி ஊட்டக்கூழில் வளர்க்க வேண்டும். இயற்கைச் சூழலிலுள்ள பாக்டீரியாக்களுள் மிகச் சிறு பகுதியே அவ்வாறு வளரும். வளராதவற்றை அவற்றின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்து இனங்காண்கின்றனர்.

கல்பாக்கத்தின் பாடம்

சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகள் 1984, 1986 ஆம் ஆண்டுகளில் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. குளிர்விப்பதற்கான கடல்நீர், கடலடியில் அமைந்த 468 மீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே வருமாறு அவை அமைக்கப்பட்டன. சுரங்கச் சுவரில் பச்சை மட்டி போன்றவை குடியேறின. குளிர்விப்புக் குழாய்களில் மெல்லிய படலம் படிந்தாலும் வெப்பம் கடத்தப்படுவது குறையும். உலோக அரிப்பும் நேரலாம். ஆகவே, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கல்பாக்க ஆய்வாளர்கள், உலோகத் துண்டுகளைக் கடல்நீரில் அமிழ்த்திப் படலத்தின் வளர்ச்சியையும் குளோரினின் விளைவையும் ஆராய்ந்தனர். குளோரின் குறைந்தால் படலம் வளரும். மிகுந்தால் வெளியேறும் நீர் கடலுயிர்களுக்குக் கேடாகும். தக்க அளவை வகுக்க இத்தகைய ஆய்வே வழிகாட்டும்.

குப்பம் போன்ற சிற்றூர்களின் குடிநீர்த் திட்டங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். வில்லை, சாயம், நுண்ணோக்கி ஆகியவை கல்லூரி ஆய்வுக்கூடங்களில் உள்ளவையே. குழாயின் கடைக்கோடியிலும் தொட்டியின் உள்ளும் வில்லைகளை அமிழ்த்தி ஆராய்ந்தால், எவ்விடத்தில் எப்பொழுது கழுவித் துப்புரவு செய்ய வேண்டும் என்பது புலப்படும். நீரை மட்டுமன்றி, அதைத் தாங்கும் சுவரையும் சோதிப்பதே மக்கள் நலனுக்கு உகந்தது.