பிறந்த குட்டிக்குப் புழு எப்படி வந்தது?

மண்ணையே மிதிக்காத நாய்க்குட்டியின் வயிற்றிலும் உருளைப்புழு இருக்கும். ஏன்? தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் டாக்சோகாரா என்னும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள், சினைக்காலத்தின் கடைசி வாரங்களில் விழித்து, நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குள் புகுந்துவிடுகின்றன. பூனைக்குட்டிக்கோ தாய்ப்பால்தான் பாதை.

மலத்தில் வெளியேறும் முட்டை உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்து முதிர வேண்டும்; பிறகு ஆண்டுக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆகவே குட்டியைக் கொஞ்சுவதைவிட, மண்ணளைந்த கையை வாயில் வைப்பதே குழந்தைக்குப் பெரிய ஆபத்து. மனித உடலில் அந்தப் புழு முழுவளர்ச்சி அடைவதில்லை. இளம்புழுவாகவே கல்லீரல், நுரையீரல் என்று அலைகிறது. கண்ணுக்குள் போனால் பார்வையே பறிபோகலாம். எனக்கு அச்சம் தருவது இதுதான்.

குட்டிக்கு இரண்டு வாரம் ஆனதுமே கால்நடை மருத்துவரிடம் பூச்சி மருந்து கேளுங்கள். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.