மீன் தொட்டித் தண்ணீர் ஏன் பச்சையாகிறது?

கடையிலிருந்து வாங்கி வந்த அன்று மீன் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தது! தங்கமீன் வாலை ஆட்டித் திரும்புவதை வீடே கூடி நின்று பார்த்தது. இரண்டு மூன்று வாரம் சென்றதும் தண்ணீர் இளம்பச்சை ஆகிறது. பிறகு கீரை கடைந்த சட்டியைக் கழுவிய நீர் போலாகி, மீன் இருக்கும் இடமே தெரியாமல் போகிறது.

உடனே வீட்டில் என்ன நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டுகிறார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, குழாய் நீரைப் பிடித்து நிரப்பி, மீனை விடுகிறார். மறுநாள் பிள்ளை பள்ளி விட்டு வந்து பார்த்தால் மீன் செத்து மிதக்கிறது. பிழைத்த மீன் இருந்தாலும் பத்து நாளில் தண்ணீர் மறுபடியும் பச்சை. பிள்ளையின் சேமிப்புக் காசும் போயிற்று, ஆசையும் போயிற்று.

வாசகர்களே, அந்தப் பச்சை நிறத்தை அழுக்கு என்று நினைப்பதால்தான் இந்தத் தொல்லை. உண்மையில் அது ஒரு பயிர். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து நீருக்கு அந்த நிறத்தைத் தருகின்றன. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுகூட இல்லாத வகைகள் அவற்றில் உண்டு. அதனால்தான் தொட்டியில் உள்ள பஞ்சு வடிகட்டி அவற்றைப் பிடிப்பதில்லை.

பயிருக்கு உரம் போட்டது யார்?

நாற்று மேடையில் கன்று வளர என்ன வேண்டும் என்று நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர், வெயில், உரம். இந்த மூன்றும் மீன் தொட்டியிலும் இருக்கின்றன. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் நாளுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் பகல். உரத்தைக் கொடுப்பது மீனின் கழிவும், மீன் தின்னாமல் விட்ட தீனியும். மீன் செவுள் வழியாக வெளிவிடும் அம்மோனியாவில் இருப்பது, யூரியா உரத்தில் இருக்கும் அதே நைட்ரஜன் சத்துதான். மிஞ்சிய தீனி அழுகும்போது பாஸ்பேட்டும் நீரில் கலக்கிறது.

ஐயமாக இருந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சோதனை செய்யுங்கள். பச்சைத் தண்ணீரை இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் சம அளவாக ஊற்றுங்கள். ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் ஒரு வாரம் வையுங்கள். பிறகு வெள்ளைத் தாளின் முன் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் செய்யும் வேலை தெரியும்.

கொட்டிவிட்டால் ஏன் தீராது?

முழுத் தண்ணீரையும் மாற்றும்போது மூன்று கேடுகள் வருகின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்குகிறது. நீரின் சூடும் தன்மையும் திடீரென மாறுவதால் மீன் அதிர்ச்சி அடைகிறது. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. மீனுக்கு நஞ்சான அம்மோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. சவர்க்காரமும் குளோரினும் அவற்றை அழித்துவிடுகின்றன. அதன்பின் மீனின் கழிவே மீனைக் கொல்கிறது.

பாசியோ, ஓரத்தில் ஒட்டிய சில துளிகளிலிருந்தே மறுபடி பெருகிவிடும்.

பச்சைத் தண்ணீர் மீனுக்கு நஞ்சன்று. மீன் பண்ணைகளில் குஞ்சுகளை வளர்க்க வேண்டுமென்றே அதை உண்டாக்குவதும் உண்டு. ஆனால் மிக அடர்ந்துவிட்டால் ஆபத்துதான். பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவிலோ மீனோடு போட்டியிட்டு அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால், உடனே கால் பங்கு நீரை மாற்றிக் காற்று இயந்திரத்தை ஓடவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் வெயிலைத் தடுங்கள். தொட்டி விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

அடுத்து, தீனியைக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே ஒரு வேளைத் தீனி. வீட்டில் ஒருவர் மட்டும் போடட்டும். தம்பி ஒரு பிடி, தங்கை ஒரு பிடி என்றால் அது பாசிக்குத்தான் விருந்து.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதில் கால் பங்கு பதின்மூன்றரை லிட்டர். புது நீரை அகன்ற வாளியில் 24 மணி நேரம், கொசு புகாமல் வலை மூடி வைத்திருந்தால் குளோரின் போய்விடும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் கலந்திருக்கும் குளோராமின் அப்படிப் போகாது. மீன் கடையில் அதற்கென விற்கும் மருந்து வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். எடுத்த நீர் மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம்.

நீர் மிகவும் பச்சையாக இருந்தால், கால் பங்கு மாற்றிவிட்டுத் தொட்டியைப் பழைய போர்வையால் மூன்று அல்லது நான்கு நாள் முழுதும் மூடிவிடுங்கள். வளர்ந்த மீன் அத்தனை நாள் தீனியின்றி இருக்கும். குஞ்சுகள் இருந்தால் இந்த முறை வேண்டாம். காற்று இயந்திரம் இடைவிடாமல் ஓட வேண்டும். திறந்ததும் செத்த பாசியோடு மறுபடி கால் பங்கு நீரை எடுத்துவிடுங்கள். காற்று இயந்திரம் இல்லாத வீட்டார் தொட்டியை மூடாமல், நிழல் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறிது நீரை மாற்றி வந்தால் போதும்.

தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்பதும் நல்லது. பாசி தின்னும் உரத்தைச் செடி பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் களைக்கொல்லி அடித்த காட்டின் கால்வாயிலிருந்து செடி எடுக்காதீர்கள். வேண்டாத செடியையும் மீனையும் ஆற்றில் விடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

களைக்கொல்லி கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன் வேலைக்கு எடுக்காதீர்கள். மயில்துத்தம் பாசியைக் கொல்லும். அளவு சற்று மிஞ்சினால் மீனையும் கொல்லும். துணி வெளுக்கும் மருந்தைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

இன்னொன்று. மீன் செத்துவிட்டது என்று மனம் வெறுத்துத் தொட்டியைக் கொல்லைப்புறத்தில் போட்டுவிடாதீர்கள். அதில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். வீட்டில் கொசு பெருக இடம் கொடுப்பது மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதத்தைவிட டிங்கிக் காய்ச்சல் கொடியது. பயன்படாத தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

இன்று மாலை உங்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெயில் விழும் இடமானால் நிழலுக்கு மாற்றுங்கள். தண்ணீரோடு தூக்க வேண்டாம். 54 லிட்டர் என்பது 54 கிலோ, கண்ணாடி விரிசல் விட்டுவிடும். நகர்த்த வழியில்லையென்றால் வெயில் படும் பக்கத்தில் ஒரு பழைய கைலியைத் தொங்கவிடுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.