அருகை அழித்து அருகை நடுகிறார்கள்

2014 ஜூன் மாதம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் பைன்ஹர்ஸ்ட் 2-ஆம் எண் கோல்ஃப் மைதானத்தில் அடுத்தடுத்த வாரங்களில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவுக்கும் யு.எஸ். ஓபன் போட்டி நடந்தது. முதல் வாரம் மார்ட்டின் கேமர் ஜெயித்தார், மறுவாரம் மிஷெல் வீ. போட்டிகள் முடிந்த அந்தக் கோடையிலேயே, பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள பச்சைத் திட்டுகளில் (ஆட்டக்காரர்கள் ‘கிரீன்’ என்பார்கள்) இருந்த பென்ட் புல்லை எடுத்துவிட்டு வேறு புல் நட்டார்கள். அதன் பெயர் ‘சாம்பியன் பெர்முடா’. கேட்டால் ஏதோ தீவுச் சரக்கு போலத் தோன்றும். நம் வரப்பில் கிடக்கிற அருகுதான். சரியாகச் சொன்னால் பாதி அருகு.

பென்ட் புல் குளிர்நாட்டுச் செடி. வெயில் ஏற ஏற அதன் வேர் மேல்நோக்கிச் சுருங்கும். ஆகஸ்ட் வெக்கையில் அதை உயிரோடு வைத்திருக்க விசிறி, தெளிப்பான், பூஞ்சைக்கொல்லி என்று ஆஸ்பத்திரி நடத்த வேண்டும். அருகு வெயிலில் கொழிக்கும் சாதி. சோளம், கரும்பு போல வெப்பத்திலும் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்யும்.

பாதி அருகு என்றேனே, அதன் கதை ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் தொடங்குகிறது. அங்கே கிளென் பர்ட்டன் என்ற பயிர் விஞ்ஞானி, சாதாரண அருகையும் மெல்லிய இலை கொண்ட ஆப்பிரிக்கப் புல் ஒன்றையும் கலந்து 1956-இல் ‘டிஃப்கிரீன்’ ரகத்தை வெளியிட்டார். அருகுக்கு 36 குரோமோசோம், ஆப்பிரிக்கப் புல்லுக்கு 18, பிள்ளைக்கு 27. மூன்று பங்காக நிற்பதால் சரிபாதியாகப் பிரிய முடியாது, விதை கட்டாது. நம் வாழைக்கு விதை இல்லாததும் பெரும்பாலும் இதே கணக்கால்தான். (கம்பு சாகுபடி தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல்: 1965-இல் இந்தியாவில் வெளிவந்த முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1-க்குத் தாய்வழியாக நின்ற டிஃப்ட் 23ஏ, இதே பர்ட்டனின் கைவண்ணம்.)

விதை இல்லாவிட்டால் என்ன, கரணை போட்டுப் பரப்பலாமே என்று பரப்பினார்கள். உலகம் முழுக்க ஒரே செடியின் நகல். ஆனால் நகல் எடுக்க எடுக்க எங்காவது பிழை விழும். டிஃப்கிரீன் திட்டுகளில் ஆங்காங்கே குட்டையாக ஒரு புல் தென்பட்டது. அது ‘டிஃப்ட்வார்ஃப்’ ரகமானது. டெக்சாஸில் ஒரு டிஃப்ட்வார்ஃப் திட்டில் அதைவிடவும் குட்டையாக ஒன்றை 1987-இல் தேர்ந்தெடுத்தார்கள், அதுதான் சாம்பியன். இப்படி வாய்த்த பிழைகள் அதிர்ஷ்டம். மற்றவை தலைவலி. புல்லை 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு மழிக்கிற இடத்தில், இலை கொஞ்சம் அகலமான ஒரு தேமல் இருந்தாலும் பந்து தடம் மாறும். தேமல் பெருகிய கிரீனை மொத்தமாக அழித்துவிட்டுப் புது ரகம் நடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கேதான் சிக்கல். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அதே அருகு தன் வயலில் வேரோடினால் உழவர் வாயில் வருவது வாழ்த்தாக இருக்காது. தரைக்கு மேலே ஓடுதண்டு, கீழே கிழங்குபோல் மாவு சேர்த்த தண்டு, கணுவுக்குக் கணு வேர். பத்தாக வெட்டினால் பத்துச் செடி. கோடை உழவு போட்டு வெயிலில் காயவைத்தாலும் ஒரு துண்டு தப்பிவிடும். அருகை விட்டுவிட்டு மற்றக் களையைக் கொல்லும் மருந்து உண்டு. பழைய அருகைக் கொன்று புதிய அருகை விட்டுவைக்கும் மருந்து கிடையாது. ஆகவே நடுவதற்கு முன்பே கணக்கைத் தீர்க்க வேண்டும்.

பெரும்பாலும் கிளைஃபோசேட் தெளிக்கிறார்கள். இலை தயாரிக்கும் சர்க்கரை கீழே இறங்கும்போதுதான் அந்த மருந்தும் கூடவே இறங்கி நிலத்தடித் தண்டைத் தொடும். வாடிக் கிடக்கும் புல்லில் அது வேலை செய்யாது. அதனால் கொல்லப்போகும் புல்லுக்கு முதலில் நீர்விட்டுச் செழிக்க வைக்கிறார்கள். வெட்டுக்கு முன் ஆட்டுக்கு மாலை போடுகிற மாதிரி! தெளித்து, காயவிட்டு, தப்பியது துளிர்க்கும் வரை காத்திருந்து, மறுபடி தெளிப்பார்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும். முன்பெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தி மீதைல் புரோமைடு புகையை மண்ணுக்குள் செலுத்துவார்கள். அது ஓசோன் படலத்தைத் தின்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது.

புல் செத்தது, இனி மண். என்னைக் கேட்டால், இந்த வேலையிலேயே ரசிக்கத்தக்க அறிவியல் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட கட்டுமான முறை, சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் நடப்பில் உள்ளது. அடியில் வடிகால் குழாய். அதன்மேல் 10 சென்டிமீட்டர் கூழாங்கல். அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணல், தேவைப்பட்டால் கொஞ்சம் மக்கிய பொருள் கலந்து. வண்டல், களி மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கலாம். மணிக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீர் இறங்க வேண்டும். மணலில் குறைந்தது 60 சதவீதம் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட பருமனில் இருக்க வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் ஆற்றுமணலா எம்-சாண்டா என்று பார்ப்பதைவிடக் கறாராக, சல்லடை வைத்து ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள்.

கூழாங்கல்லை எதற்குப் போடுகிறார்கள்? நீர் சட்டென்று வடிவதற்கு என்றுதானே நினைப்போம். நடப்பது நேர்மாறு. மணலின் நுண்ணிய இடுக்குகள் நீரை இறுக்கிப் பிடித்திருக்கும். கூழாங்கல்லின் இடைவெளிகளோ பெரியவை, நீரை இழுக்கும் சக்தி இல்லாதவை. எனவே மணலின் அடிப்பகுதியில் நீர் கீழே இறங்காமல் தொங்கி நிற்கும். மழை பெய்து மேலிருந்து எடை கூடினால்தான் பிடி விட்டு, கல்லுக்குள் கொட்டிக் குழாய் வழியே ஓடும். வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டி நின்றபின் செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். நீர்த்தம்பத்தின் உயரம் கூடியதால் வந்த சொட்டு அது. அப்போதும் அடிவிளிம்பு நனைந்தே இருக்கும்.

மாடித்தோட்டக்காரர்கள் தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் ஜல்லியும் கொட்டுவதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது நீரை வடிக்காது. ஈரம் தேங்கும் மட்டத்தைச் செடியின் வேருக்கு இன்னும் அருகே உயர்த்திவிடும். கோல்ஃப் மைதானத்தில் இதையே தெரிந்து செய்கிறார்கள். வெறும் மணல் இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். தொங்கும் நீர் அதற்குச் சேமிப்பு. மணலின் ஆழம் மட்டும் இடத்துக்கு இடம் மாறக் கூடாது. குறைந்த இடத்தில் ஈரம் மேலேறி வேர் அழுகும், கூடிய இடத்தில் புல் கருகும். அதனால் மேற்பரப்பில் என்னென்ன மேடுபள்ளமோ அதையே அடித்தளத்திலும் வெட்டுகிறார்கள்.

நடவு சுருக்கமான வேலை. உழவர் எதைக் கண்டு பயந்தாரோ அதையே செய்கிறார்கள்: புல்லைத் துண்டு துண்டாக்கித் தூவி, மண்ணில் அழுத்தி, காயவிடாமல் பகலில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக நீர் காட்டுகிறார்கள். சில வாரங்களில் தரை தெரியாமல் மூடிவிடும்.

இவ்வளவும் கிரீனுக்கு. மைதானத்தின் மொத்தப் பரப்பில் அது சின்னப் பங்குதான். பைன்ஹர்ஸ்டின் பெரிய சீரமைப்பு அதற்கு முன்பே, 2010-இல் தொடங்கி 2011-இல் முடிந்திருந்தது. 1907-இல் டொனால்ட் ராஸ் வடிவமைத்துத் திறந்த அந்த மைதானம், பிற்காலத்தில் எங்கும் பச்சையாக மாறிப்போயிருந்தது. மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் 1943-இல் விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைப் பார்த்து, ஓரங்களிலிருந்த புல்லைச் 35 ஏக்கருக்கு மேல் உரித்து எடுத்தார்கள். அந்த வட்டாரத்து மணலைத் திறந்துவிட்டு, வயர்கிராஸ் என்ற உள்ளூர்ப் புதர்ப்புல்லை நட்டார்கள். தெளிப்பான்களில் நூற்றுக்கணக்கானவை பிடுங்கப்பட்டன. நீர்ச்செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. புல் நடுவதில் உள்ள சாமர்த்தியத்தைவிட, எங்கே நட வேண்டாம் என்று தீர்மானித்த இந்தச் சாமர்த்தியமே பெரிது என்பேன்.

2024 ஜூனில் யு.எஸ். ஓபன் மறுபடி அங்கே வந்தது. கடைசிக் குழியில் பிரைசன் டிசாம்போவின் பந்து மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. அங்கிருந்து 55 கஜம் அடித்தார். பந்து அருகம்புல்லில் விழுந்து உருண்டு, குழிக்கு நாலடி தூரத்தில் நின்றது. ஒரே ஒரு மட்டைவீச்சு வித்தியாசத்தில் கோப்பை அவருக்கு.