கூட்டத்துக்கு வரத் தயங்கும் கடைக்காரருக்கு

ஆண்டுச் சந்தா வசூலுக்குப் போகும்போது பல கடைகளில் எங்களுக்குக் கிடைக்கும் பதில் இது: "பணத்தை வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி, கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க." காரணம் கேட்டால், கடையில் ஆள் இல்லை என்பார்கள். பாதிப் பேருக்கு அது உண்மை. மற்றவர்களைத் தடுப்பது கூச்சம். நாள் முழுதும் வாடிக்கையாளரிடம் ஓயாமல் பேசுகிறவர், மண்டப வாசலில் வாயடைத்து நிற்கிறார்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் எதிரே நிற்பவர் என்ன கேட்பார், நாம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். மண்டபத்தில் அது தெரியாது. முதன்முதலில் பொதுக்குழுவுக்குப் புறப்பட்ட நாங்களும், எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு வீடு திரும்பியவர்கள்தாம். மறு ஆண்டுதான் உள்ளே நுழைந்தோம்.

வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு; பாக்கி. மண்டிக்காரர் முன்வரிசையில் இருப்பார், நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால்? நாங்கள் பார்த்தவரை, கூட்டத்தில் வைத்து எவரும் கேட்டதில்லை. ஆனாலும் அந்த எண்ணம் இருக்கும்வரை காதில் ஒன்றும் ஏறாது. எனவே இரண்டு நாள் முன்பே அவரிடம் போய், கையில் உள்ளதைக் கொடுத்து, மீதிக்கு ஒரு தேதி சொல்லிவிடுங்கள். பிறகு தைரியமாக அவருக்குப் பக்கத்திலேயே உட்காரலாம்.

வராததால் வரும் நட்டம் கணக்கில் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கும், ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5-க்கும் இறங்கின. அலமாரியிலோ பழைய விலை அச்சிட்ட சரக்கு. எந்த வரி போடுவது? அந்த வாரக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு சிறு கடைக்காரர் தயங்கித் தயங்கி இதைக் கேட்டார். தமக்கு மட்டுந்தான் தெரியவில்லை என்று எண்ணியிருந்தார். கேட்டு முடித்ததும் சுற்றிலும் நாலைந்து பேர் பேனாவை எடுத்தார்கள்! சரக்கு வாங்கிய நாளின் வரி அல்ல, விற்கும் நாளின் வரி என்பது பதில். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது என்பதும் அன்று பேச்சோடு பேச்சாகத் தெளிவாயிற்று. வராதவர்கள் பலர் கடை வாசலில் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள்.

புதிதாக வருபவர் மே 5 வணிகர் தின மாநாட்டில் தொடங்க வேண்டாம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடியே களைத்துப் போவீர்கள். முப்பது நாற்காலி போடும் பகுதிக் கூட்டம் போதும். பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து வாருங்கள். கால் மணி நேரம் முன்பே வாருங்கள்; நிறைந்த மண்டபத்தில் நுழைவதுதான் கடினம், காலி மண்டபத்தில் அல்ல. வந்ததும் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது எதுவானாலும் சரி. கையில் வேலை இருந்தால் கூச்சம் பாதி போய்விடும். முதல் தடவை முழுநேரமும் இருக்க வேண்டியதில்லை. இரவு வியாபாரத்துக்கு எழுந்து போனால் எவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

குறை எங்கள் பக்கமும் உண்டு. பொன்னாடை போர்த்தியே ஒரு மணி நேரத்தைக் கழிக்கிறோம். நன்கொடைப் பட்டியலை ஒலிபெருக்கியில் படிக்கிறோம். நூறு ரூபாய் கொடுத்தவர் தலைகுனிகிறார். புதியவரைத் திடீரென்று மேடைக்கு அழைத்து "இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்கிறோம். அவர் அதன்பின் வருவதேயில்லை. நிர்வாகிகள் இவற்றை நிறுத்த வேண்டும். வாசலில் ஒருவர் நின்று புதியவரை அழைத்து வந்து, அவர் தொழிலைச் சேர்ந்தவர் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும்.

எழுந்து பேச முடியாதவர் கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதிச் செயலாளரிடம் கொடுக்கலாம். சீட்டில் பெயரோ கடைப் பெயரோ போட வேண்டியதில்லை.