மண் பற்றிக்கொள்ளும் செலீனியம்

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகிய மூன்றையும் குடியானவர்கள் நன்கறிவார்கள். செலீனியம் என்பதோ அவ்வளவாகக் கேள்விப்படாத வஸ்து. இது குறைந்தாலும் பயிரின் விளைச்சல் குறைவதில்லை. ஆயினும் அப்பயிரை உண்ணும் கால்நடைகளுக்கும் மனிதருக்கும் இது சொற்ப அளவில் இன்றியமையாதது. குறைந்தால் கன்றுகளின் தசை வெளுத்து, நிற்கமாட்டாமல் மடியும். மிகுந்தாலோ அதுவே விஷமாகும். ஆகவே இதை உரமாக இடுமுன், நிலம் இதை எவ்வாறு பிடித்து வைக்கிறதென்பதை அறிதல் அவசியம். தேசம் முழுவதற்கும் உரத்தின் மூலமாகவே செலீனியம் வழங்கிய பின்லாந்தின் அனுபவம் இதற்குத் தக்க சான்று.

அத்தேசத்துச் சாகுபடி நிலங்களில் கிலோ மண்ணுக்குச் சுமார் 0.2 மில்லிகிராம் செலீனியம் உண்டு. ஓர் ஏக்கரில் உழவு ஆழம் வரையுள்ள மண் ஏறக்குறைய 8 இலட்சம் கிலோ. ஆகவே ஏக்கருக்கு 160 கிராம் இருப்பதாகக் கணக்காகிறது. இருந்தும் அங்கு விளைந்த கோதுமையிலும் புல்லிலும் அச்சத்து மிக அரிதாகவே இருந்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் செலீனியம் கலந்த உரத்தில் 200 கிலோவை ஓர் ஏக்கரில் இட்டால் சேருவது 3 கிராமே. அந்த 3 கிராம் தானியத்தின் செலீனியத்தைப் பன்மடங்கு உயர்த்திவிடுகிறது. 160 கிராமால் ஆகாதது 3 கிராமால் ஆவது எங்ஙனம்?

செலீனியம் மண்ணில் முக்கியமாக இரு உப்புகளாக இருக்கும். செலினேட் என்பது நீரில் எளிதிற் கரைந்து, மண் துகள்களில் உறுதியாக ஒட்டாமல், கந்தகச் சத்து செல்லும் வழியாகவே வேருக்குள் நுழையும். செலினைட் என்பதோ களிமண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் துருவோடு இறுகப் பிணைந்துவிடும். புளிப்புள்ள நிலத்தில் இப்பிணைப்பு இன்னும் வலுக்கும். பின்லாந்தின் மண் இயல்பாகவே புளிப்பும் ஈரமும் உள்ளது. ஆகையால் பழைய 160 கிராமில் பெரும்பகுதி புதைத்துவைத்த பொன்னைப்போல் பயனற்றுக் கிடந்தது. உரத்திலிடுவதோ சோடியம் செலினேட். அதிலும் பத்தில் ஒரு பங்கையே பயிர் எடுக்கிறது. மிச்சத்தில் பெரும்பாகம் நாளடைவில் செலினைட்டாக மாறித் துருவோடு சேரும். ஒரு பகுதி நுண்ணுயிர்களால் மட்கினுள் கலக்கும். நீர் தேங்கிய இடத்தில் கரையாத தனிச் செலீனியமாகவும் மாறிவிடும். மணற்பாங்கான நிலத்தில் பிடிப்பு குறைவாதலின் பெருமழை சிறிது கொண்டுபோகும்.

இவ்வருஷத்து மிச்சம் அடுத்த வருஷத்துக்கு உதவுமா என்னும் கேள்விக்கு அத்தேசத்தின் சரித்திரமே விடை கூறுகிறது. 1984-ல் அரசாங்கம் தீர்மானித்தபடி, தானியப் பயிர் உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராமும், புல்லுக்குரியதில் 6 மில்லிகிராமும் சேர்க்கப்பட்டன. வசந்தகாலக் கோதுமையில் செலீனியம் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஜனங்களின் உணவில் எதிர்பார்த்ததற்கும் மிகுதியாக அது சேரவே, 1990-ல் எல்லா உரங்களுக்கும் 6 மில்லிகிராம் என்று குறைத்தார்கள். உடனே தானியத்தின் அளவும் தாழ்ந்தது. ஐந்தாறு வருஷமாக இட்டவற்றின் மிச்சம் மண்ணில் கிடந்தும் அதைத் தாங்கி நிறுத்தவில்லை. பின்னர் 1998-ல் 10 ஆகவும், 2007-ல் 15 ஆகவும் உயர்த்தினார்கள்.

ஆதலால் ஒரே தடவையில் மிகுதியாக இட்டுப் பல வருஷம் சும்மா இருக்கலாமென்பது பொருந்தாது. முதல் வருஷத் தீவனம் விஷமாகக்கூடும். பிந்திய வருஷங்களில் பழைய குறைவே திரும்பும். விதைக்குங்கால் சிறிதளவாக வருஷந்தோறும் இடுவதும், புல் நிலமாயின் ஒவ்வோர் அறுப்புக்கும் இடுவதுமே முறை. சுண்ணாம்பிட்டுப் புளிப்பைத் தணித்தால் மண்ணின் பிடி சற்றுத் தளரும். 3 கிராமை ஓர் ஏக்கரில் கையால் ஒரே சீராகத் தூவுதல் எவராலும் இயலாது. தொழிற்சாலையில் உரக் குருணையோடு கலப்பதன் காரணம் இதுவே. இவ்வுப்பைத் தனியே வாங்கிக் கையாளுவதை யாம் ஒருபோதும் ஆதரியோம்.

செலீனியம் குறைந்த நிலத்துக்கே இம்முறை உரியது. பஞ்சாபில் ஹோஷியார்பூர் ஜில்லாவிலும், முன்பு நவான்ஷஹர் எனப்பட்ட ஜில்லாவிலும் சில கிராமங்களின் காரத்தன்மையுள்ள மண்ணில் செலினேட் கட்டின்றி உலவுகிறது. அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு கழன்று ரோமம் உதிர்ந்தது. அந்நிலங்களுக்கு ஜிப்சம் இடும்படி விவசாய விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். அதிலுள்ள கந்தகம் வேரின் வாயிலில் செலினேட்டோடு போட்டியிட்டு, அது பயிருக்குள் நுழைவதைக் குறைக்கிறது.