கங்காணி போய் ஏஜென்ட் வந்தார்

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் வெளியூர். கந்தர்வகோட்டையைத் தாண்டினால் காவிரி பாயும் தஞ்சாவூர் வயல்கள். தை பிறந்தால் கருக்கரிவாளோடு குடும்பம் குடும்பமாக அங்கே அறுப்புக்குக் கிளம்புவார்கள். கூலியாகக் கிடைத்த நெல்தான் கோடைக்குச் சோறு.

பஞ்சம் முற்றினால் இலங்கையின் கண்டிச் சீமை. 19ஆம் நூற்றாண்டில் கடற்கரை வரை நடந்து, தோணியேறி, மறுகரையில் இறங்கிக் காட்டுவழியே மலைத் தோட்டங்களுக்கு ஏறினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் பயணம் எளிதானது. கடன் கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஆள் பிடித்துப்போன கங்காணி கொடுத்த முன்பணம் ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறும். அந்தக் கடனை அடைக்கிற தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறுவார்கள். 1921இல்தான் இலங்கையில் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். 1939இல் கூலி வேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசே தடை செய்தது.

கூலி கூடுதல் என்பதால் போனார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதிக் கதை. நாலு மாதம் வேலை, எட்டு மாதம் சும்மா என்றிருந்த ஊரில், தினக்கூலி எவ்வளவு என்பதைவிட எத்தனை நாள் வேலை என்பதே பெரிய கேள்வி.

இன்றும் போகிறார்கள். விராலிமலைப் பக்கம் சில ஆலைகள் வந்தன. மாவட்டத்துக்கே சோறுபோட அவை போதவில்லை. இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்புகிறார்கள். தஞ்சையில் அறுப்பு மெஷின் வந்ததோடு கருக்கரிவாளுக்கு வேலை போயிற்று.

புதிது வேறொன்று. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பெண்கள் இறங்கும் நடவு வயலில், இப்போது அரைக்கால் சட்டை போட்ட வங்காளத்து ஆண்கள் நாற்று முடிச்சோடு குனிந்து நிற்கிறார்கள். டெல்டாவில் தொடங்கியது இந்தப் பக்கமும் வந்துவிட்டது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு. விடியுமுன் இறங்கி, பொழுதுக்குள் முடித்து, அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள். “நம்ம ஆளுங்க வேலைக்கு வர்றதில்லை” என்று வரப்பில் நின்று அலுத்துக்கொள்பவரின் மகன் பெரும்பாலும் சிங்கப்பூரில் இருப்பான்!

அந்த வங்காளத்து ஆட்கள் ஏன் வருகிறார்கள்? நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டில் தினக்கூலி 319 ரூபாய், மேற்கு வங்கத்தில் 250. அறுபத்தொன்பது ரூபாய்க்காக யாரும் ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வரமாட்டார்கள். முறைகேடு என்று சொல்லி, 2022 மார்ச்சில் அந்த மாநிலத்துக்கான நூறு நாள் வேலைப் பணத்தையே மத்திய அரசு நிறுத்திவிட்டது. 250 ரூபாய் என்பது ஏட்டில் இருந்த கூலி. கண்டிக்குப் போன நம்மவர் கணக்கும் இதேதான்: இங்கே வேலை இல்லை, அங்கே இருக்கிறது.

வெளிமாநிலத் தொழிலாளிக்குப் பயணச் செலவு தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நடவுக்கு ஆள் பிடிக்கும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஏக்கர் கூலியை மொத்தமாக, ஆட்களைக் கூட்டிவரும் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். நட்டவர் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அவரிடமே கேளுங்கள்.