புத்தக செட் வாங்கப் போகிறீர்களா?

ஓசூர், சூளகிரி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படிக்கிற பிள்ளைகள் நிறைய. "வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம், எட்டாவது வரை ஒரே செட்" என்று யாராவது தவணைக்கு விற்க வந்தால், குழுவில் உள்கடன் எடுத்து வாங்கிவிடாதீர்கள். எந்தப் பாடத்திட்டம் என்று முதலில் கேளுங்கள். சி.பி.எஸ்.இ. புத்தகத்தை வைத்து சமச்சீர் பரீட்சை எழுத முடியாது. அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசம்தானே!

மூன்று பிள்ளைக்கு மூன்று செட்டும் வேண்டாம். 2022-ல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று படிக்கும் நிலையைப் பார்த்துத்தான் பிள்ளைகளைப் பிரித்தார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம். ஐந்தாவது படிக்கிற பிள்ளை எழுத்துக்கூட்டித்தான் படிக்குதா? தம்பியின் இரண்டாம் வகுப்புப் புத்தகமே போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பிள்ளை தடுமாறுவது காதில் விழும்.

பழைய புத்தகம் வாங்கினால் அச்சான வருடத்தைப் பாருங்கள். 2018-லிருந்து பாடங்கள் மாறிவிட்டன.

படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு 14 வயது நிரம்பியிருந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து பத்தாவது எழுதலாம். புத்தகம் அவர்களே தருவார்கள்.